பொருளற்ற பாட்டும் பொல்லாத பாட்டும்

நம் கல்விச் சங்கத்தின் மாலை வகுப்பில் ஒரு நாள், மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் கேட்ட பாட்டு ஒன்றைப் பற்றிப் பத்து வரி எழுத வேண்டும் என்று கூறினேன். பெரும்பாலோர் திரைப்படப் பாட்டுகளைப் பற்றி எழுதினர். சிலர் பாரதியாரையும் பாரதிதாசனையும் எடுத்துக்கொண்டனர். ஒரு மாணவன் மட்டும் தாளை வெறுமையாகவே வைத்திருந்தான். அவனுடைய பாட்டனார் இழவு வீடுகளில் விடிய விடியக் கானா பாடுபவர் என்பதை நான் அறிவேன். “உன் தாத்தா பாட்டைப் பற்றி எழுதலாமே, தம்பி” என்றேன். “அதுக்கெல்லாம் அர்த்தம் கிடையாது, ஐயா” என்று தலை குனிந்தான்.

அந்த வெறுந்தாளே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. வெள்ளி விழா மலரில் கல்வியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் எழுதாமல், உளறல் பாட்டைப் பற்றி எழுதுவதா என்று சிலர் ஐயுறலாம். கல்வி கற்ற நம் பிள்ளை முதன்முதலாகக் கற்றுக்கொள்வது தன் பாட்டனைக் குறித்து வெட்கப்படுவதுதான் என்றால், அதுவும் கல்வியைப் பற்றிய செய்தியே ஆகும். எனவே, பாட்டில் பொருளற்றது எது, அதனைப் பொருளற்றது என்று தீர்ப்பளிப்பவர் யார் என்பவற்றை நாம் வாழும் இச்சென்னையின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

இலக்கணம் ஒப்பிய ஓசை

பொருள் தராத சொல் பாட்டுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் இடைச்சொற்களை வகைப்படுத்துமிடத்து, இசையை நிறைக்க வருவனவற்றையும், அசைநிலையாய் நிற்பனவற்றையும் தனித்தனியே குறித்து அவற்றுக்கு இடம் அளித்துள்ளார். பொருள் இல்லை என்பதற்காக அவற்றைத் தமிழிலிருந்து அவர் விலக்கவில்லை. அருணகிரிநாதரின் திருப்புகழைப் பதிப்பித்தோர், பாட்டின் தலையில் ‘தந்தன தனன’ என்பது போன்ற சந்தக் குழிப்பை அச்சிடுவது வழக்கம். அப்பெருமான் நம் மயிலாப்பூர் முருகன் மீதும் பாடியுள்ளார். முதலில் ஓசையின் அச்சு. அவ்வச்சில் வார்க்கப்படுவது சொல். தாலாட்டின் ஆராரோவுக்கும், படகோட்டியின் ஏலேலோவுக்கும், நடவு நடும் பெண்களின் தன்னானேவுக்கும் அகராதியில் பொருள் தேடுவார் எவருமிலர். அழுகின்ற குழவி உறங்குகிறது. பாரமான படகு நகருகிறது. குனிந்த முதுகு வலியை மறக்கிறது. அவற்றின் பொருள் அதுவே.

இனி சபைகளின் பக்கம் திரும்புவோம். 1927-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டை ஒட்டி எழுந்த முயற்சியின் பயனாக, 1928-இல் சங்கீத வித்வத் சபை தோன்றிற்று. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பல சபைகள் பின்னர் வளர்ந்தன. அங்கே பாடப்படும் தில்லானாவில் பெரும்பகுதி ‘தீம் தனன’ என்று வரும் ஓசைச் சொற்களே. சாகித்தியம் என்று இறுதியில் சில அடிகளே உண்டு. நட்டுவனார் கூறும் சொற்கட்டுக்கும் அகராதிப் பொருள் இல்லை. ஆயினும் அரங்கு அதனைக் கண்மூடிச் சுவைக்கின்றது; அது முறையே. நாற்பதுகளில் தமிழிசை இயக்கம் எழுந்து, 1943-இல் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டபோது, தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் ‘துக்கடா’வாக ஒதுக்கப்படுவதை அவ்வியக்கத்தார் கண்டித்தனர். இசைக்கு மொழியும் பொருளும் இன்றியமையாதன அல்ல என்பது அன்று எதிர்த்தரப்பார் கூறிய விடைகளுள் ஒன்று. நன்று. சபையில் இன்றியமையாததாக இல்லாத பொருள், சேரியின் பாட்டுக்கு மட்டும் ஏன் இன்றியமையாததாயிற்று? இவ்வினாவை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

சபையில் ஒலிக்கும் அச்சொற்கட்டுகளைப் பேசுகின்ற மிருதங்கத்தின் தோல் ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் ஆகும். அத்தோலைப் பதப்படுத்தி, வார் பிடித்து, நாதம் வரும்வரை உழைத்தவர்களுள் பெரும்பாலோர் நம்மவரே. அவர்களிலும் பலர் கிறித்தவம் தழுவிய குடும்பத்தினர். அக்கைவினைஞரின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார். அதன் வெளியீட்டு விழாவுக்கு முதலில் இசைவளித்த கலாக்ஷேத்திரா பின்னர் அவ்விசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. ஓசை அரங்கேறலாம், ஓசையை ஆக்கியவன் கதை அரங்கேறுவது எளிதன்று என்பதற்கு இது சான்று.

குஜிலிக் கடையிலிருந்து கொட்டகை வரை

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்கு முன்னரும், சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணா விலைக்குப் பாட்டுப் புத்தகங்கள் விற்கப்பட்டன. மலிந்த தாளில் அச்சிடப்பட்ட சில பக்கங்களே ஒரு நூல். இரயில் வந்ததும், வெள்ளம் பெருகியதும், கொலை நடந்ததும், 1914-இல் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு பொழிந்ததும் உடனுக்குடன் பாட்டாயின. படித்த பெருமக்கள் அவற்றைக் குப்பை என்றனர். பின்னாளில் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்னும் நூலில் அவற்றைத் திரட்டி ஆராய்ந்தபோதுதான், ஏழை மக்கள் தம் காலத்தை எவ்வாறு கண்டனர் என்பதற்கு அக்குப்பையே ஆவணம் என்பது தெளிவாயிற்று.

பிறர் தள்ளியதில் பொருள் தேடுவது நமக்குப் புதிய வழக்கமன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1907-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அவர்தம் முறை யாது? வழக்குச் சொல், பழமொழி, பண்டிகை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ‘இதன் பொருளைத் திரித்தவர் யார்? திரிவதற்கு முன் இது என்னவாக இருந்தது?’ என்று வினவுவதே. ஐரோப்பியத் துரை ஒருவரிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பனிடமிருந்த ஓலைச் சுவடியே, எல்லிசு துரையின் கையை அடைந்து, திருக்குறள் அச்சேறக் காரணமாயிற்று என்று அவர் எழுதி வைத்துள்ளார். சமையற்கட்டில் நின்றவர் வீட்டுப் பரணில் குறள் இருந்தது என்னும் இச்செய்தியை, நம் பிள்ளைகள் பாடம் போல் அறிதல் வேண்டும்.

இதே பகுதியில்தான் நம் முன்னோர்க்குப் பள்ளிக்கூடமும் திறந்தது. கர்னல் ஆல்காட்டு 1894-ஆம் ஆண்டு அடையாற்றை அடுத்த ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பின்னர் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. அப்பெரியவரின் பெயரை ஊரூர் ஆல்காட்டுக் குப்பம் இன்றும் தாங்கி நிற்கின்றது. அதே குப்பத்தில் 2015-ஆம் ஆண்டு ஊரார் துணையுடன் ஒரு கலை விழா தொடங்கப்பெற்று, கருநாடக இசையும் பரதமும் கடற்கரை மணலில் மக்கட் கலைகளோடு ஒரே மேடையில் நிகழ்ந்தன.

1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியதும், பாட்டு தெருவினின்று கொட்டகைக்குக் குடியேறிற்று. மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பசனை பாடிய பாபநாசம் சிவனே ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ போன்ற படங்களுக்கும் பாட்டு எழுதினார். படிப்படியாக, முதலில் மெட்டு, பின்பு சொல் என்னும் முறை வலுப்பெற்றது. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார். கவிஞர் அவ்வளவுக்கு ஏற்பச் சொல்லை நிரப்புவார். சொல் கிடைக்காத இடத்தில் வாய்க்கு வந்த ஓசை சில வேளை அப்படியே நின்றுவிடும். மக்கள் அதனையே முதலில் பிடித்துக்கொள்வர். ‘இதென்ன உளறல்’ என்று ஒவ்வொரு தலைமுறையிலும் முதியோர் கடிந்த பாட்டுகளுட் பல பிறந்த கதை இதுவே.

‘சபாஷ் மீனா’ (1958) படத்தில் ஜே. பி. சந்திரபாபு சென்னைத் தமிழ் பேசும் ரிக்ஷாக்காரராகத் தோன்றினார். அவர் தம் பாட்டுகளில் மேனாட்டு மலைவாழ் மக்களைப் போலக் குரலை உடைத்து எழுப்பிய பொருளற்ற ஒலிகளை மக்கள் கொண்டாடினர். ஆயினும் ரிக்ஷாக்காரரின் தமிழ் திரையில் நகைச்சுவைக்கு மட்டுமே உரியதாக நெடுங்காலம் நின்றது.

அச்சென்னைத் தமிழையே சற்றுப் பாருங்கள். ‘துட்டு’ என்பது டச்சுக்காரர் நாணயத்தின் பெயர். ‘பேஜார்’, ‘பேமானி’, ‘நாஷ்டா’ ஆகியன உருது வழி வந்தவை. ‘நைனா’ தெலுங்கு. வசைச்சொல் என்று முகம் சுளிக்கப்படும் ‘கஸ்மாலம்’ வடமொழி. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனை நோக்கிக் கூறுமிடத்தில் அச்சொல் வருகின்றது! துறைமுகத்திலும் பட்டாளத்திலும் துரை வீட்டிலும் உழைத்த மக்களின் நாவில் பல நாட்டுச் சொற்கள் வந்து தங்கின. அதனை உளறல் என்பவர் ஒரு நகரத்தின் வரலாற்றை உளறல் என்கிறார்.

கானா

கானா என்பது சென்னைச் சேரிகளிலும் குப்பங்களிலும் உழைப்பாளி மக்களிடையே வளர்ந்த பாட்டு. டோலக்கு இருந்தால் டோலக்கு. இல்லையேல் பெஞ்சுப் பலகை, சட்டி, தீப்பெட்டி. அதன் தாயிடம் இழவு வீடு. பிணம் கிடக்கும் இரவில், இறந்தவரின் பெயரையும் தொழிலையும் குணத்தையும் சேர்த்துப் பாடி, உற்றாரை அழவும் இடையிடையே சிரிக்கவும் வைத்து, விடியும்வரை துணையிருப்பதே கானாப் பாடகரின் பணி. செய்தித்தாளில் இரங்கல் விளம்பரம் கொடுக்க வசதியற்ற ஒரு கூலியாளின் வாழ்க்கை வரலாறு அந்த ஓர் இரவில்தான் முழுமையாகச் சொல்லப்படுகின்றது. அதற்குப் பொருள் இல்லை என்றால், வேறெதற்குப் பொருள் உண்டு?

தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் திரையில் பரவலாக்கினார்; ‘காதல் கோட்டை’ (1996) படத்தில் தாமே பாடினார். 2006-இல் வெளிவந்த ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன்களின் கலியாணப் பாட்டு, தமிழ்நாட்டுப் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. மீனுக்கு மீன் மணம் முடிப்பதும், மற்ற கடல் உயிர்கள் ஊர்வலம் போவதும் சிறுபிள்ளை விளையாட்டு என்பாருண்டு. கடலை நம்பி வாழும் ஒருவன் தன் அங்காடியில் நாள்தோறும் காணும் மீன்களின் பெயர்களை வரிசைப்படுத்தித் தன் வீட்டுக் கலியாணத்தைப் பாடினால், அது அவன் உலகத்தின் சித்திரமாகும். புளியந்தோப்பைச் சேர்ந்த, சட்டம் பயின்ற கானா பாலா, ‘அட்டகத்தி’ (2012) வழியாகப் புகழ் பெற்றார்.

2011 நவம்பரில் வெளியான ‘கொலவெறி’ப் பாட்டை அனைவரும் அறிவர். இருபத்தொரு வயது இளைஞரான அனிருத் இசையமைக்க, நடிகர் தனுஷ் உடைந்த ஆங்கிலத்தில் பாடிய அப்பாட்டு உலகெங்கும் பரவிற்று. அவ்வாண்டின் இறுதியில் சப்பானியப் பிரதமருக்குப் புதுதில்லியில் இந்தியப் பிரதமர் அளித்த விருந்துக்குப் பாடியவர் அழைக்கப்பெற்றார். மகிழ்ச்சியே. ஆனால் இதே உடைந்த ஆங்கிலத்தை வெள்ளையர் வீட்டில் வேலை செய்த நம் முன்னோர் பேசியபோது, ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று நகைத்தது இந்நாடு. வயிற்றுக்காகப் பேசினால் இழிவு, வேடிக்கைக்காகப் பாடினால் புகழ் என்னும் அளவுகோல் நேர்மையானதன்று.

கடல் கடந்த சான்றுகள்

உளறற் பாட்டில் வல்லவரென ஆங்கிலேயர் போற்றும் எட்வர்டு லியர், இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த காலத்தில் 1874-இல் ஒரு வேடிக்கைக் கவிதை வெளியிட்டார். அதில் நம் நாட்டுத் தோபியும் பங்காவும் கித்மத்காரும் பொருள் மாறி, மரமோ விலங்கோ என்று மயங்கும்படி வருகின்றன. அவருக்கு அவை வெற்றோசை. ஆனால் தோபி என்பவன் துணி வெளுத்து உழைத்த மனிதன். பங்கா என்பது ஒருவன் விடிய விடியக் கயிறு இழுத்த விசிறி. கேட்பவன் அறியாமையே பல வேளைகளில் பாட்டின் பொருளின்மையாகத் தோன்றுகின்றது.

இதனை நன்குணர்ந்து கூறியவர், அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்ற பிரெடரிக் டக்ளஸ். அடிமைகளின் பாட்டு வெளியாருக்குப் பொருளற்ற பிதற்றலாகத் தோன்றும். பாடுவோர்க்கோ அது பொருள் நிறைந்தது என்று 1845-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் அவர் குறித்துள்ளார். தாமே அவ்வட்டத்துக்குள் இருந்தபோது அதன் ஆழம் தமக்கு விளங்கவில்லை என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். அம்மக்களின் வழித்தோன்றலான லூயி ஆர்ம்ஸ்டிராங் 1926-இல் சொல்லை விட்டு வெறும் ஒலியால் பாடி இசைத்தட்டு வெளியிட்டார். அம்முறை உலக இசையில் ஒரு கலையாக மதிக்கப்படுகின்றது. வட்டத்துக்குள் நின்று பாட்டைக் கேட்டு, வெளியே வந்து அதன் பொருளை எழுத்தில் நிறுத்துவது டக்ளசின் பணியாயிற்று. படித்த நம் இளைஞரின் பணியும் அதுவே.

எது உண்மையில் இழிந்தது?

இவ்வளவும் கூறியதால், நம்மிடமிருந்து வருவன எல்லாம் நல்லன என்று நான் வாதிடுவதாகக் கருதலாகாது. பொருளற்ற பாட்டு வேறு. பொல்லாத பாட்டு வேறு. முன்னது எவரையும் புண்படுத்தாது. பின்னது இலக்கணம் வழுவாமல், இனிய பண்ணில் அமைந்தும் நஞ்சாகலாம்.

1992-இல் வெளிவந்த ‘தேவர் மகன்’ படத்தில் ஒரு குலத்தின் பெருமை பேசும் பாட்டு உண்டு. யாப்பிலோ இசையிலோ குறை கூற இயலாது. கதையும் அரிவாளைக் கீழே போடச் சொல்லியே முடிகின்றது. ஆயினும் பாட்டு கதையினின்று கழன்று, தென் மாவட்டங்களில் சாதி ஊர்வலங்களின் முழக்கமாயிற்று. சேரிக்குள் அது பாட்டாகக் கேட்கவில்லை, எச்சரிக்கையாகக் கேட்டது. பொருள் தெளிவாக இருந்ததே அங்குக் கேடு.

அதே அளவுகோலை நம் பாட்டின் மீதும் வைப்போம். காதலை மறுத்த பெண்ணை ஏசும் கானாக்கள் உள்ளன. குடியையும் கத்தியையும் வீரமாக்கும் கானாக்கள் உள்ளன. திரைப்படம் அவற்றைத் தேடித் தேடி வாங்குகின்றது. நம் பிள்ளைகள் காசுக்காகவும் கைத்தட்டலுக்காகவும் எழுதித் தருகின்றனர். நம்மைப் பற்றிப் பிறர் கூறும் இழிமொழிக்கு நாமே மெட்டமைத்துக் கொடுப்பது தகுமா? ஆடவர் மட்டுமே பாடிவந்த இத்துறையில் இசைவாணி என்னும் நம் நகரத்துப் பெண் துணிந்து நின்று பாடி, 2020-இல் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம் பெற்றார். பெண்ணை ஏசாமலும் கானா பாட இயலும் என்பதற்கு அவரே சான்று.

அவர் பாடிய குழு, இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று அமைத்த ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. 2018 சனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் அதன் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. அப்பெயர் அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதிபேதமற்ற’ என்னும் தொடரினின்று எடுக்கப்பட்டது. இராயப்பேட்டையில் ஒரு பைசா இதழில் அச்சான சொல், நூறாண்டு கடந்து டோலக்கோடு மேடையேறிற்று. இட ஒதுக்கீடும் அண்ணல் அம்பேத்கரும் கானாவின் பொருளாயின. 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் விழாவும் எழுந்தது.

அக்குழுவினரான அறிவு, 2021-இல் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டில் தம் பாட்டியின் வாழ்வை எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர் அம்மூதாட்டி. ஆங்கிலச் சொல்லை வைத்து விளையாடிய உளறல் என்றே பலர் முதலில் நினைத்தனர். ‘என் தாயே, என் சாமியே’ என்று உழைக்கும் மக்கள் ஒருவரை ஒருவர் விளிக்கும் வழக்கு அதில் உள்ளது என்று தெரிந்தபோது அவர்கள் வியந்தனர். அவ்வாண்டே ஒரு பத்திரிகையின் அட்டையில் பாட்டில் பங்கேற்ற மற்றவர் படம் இடம்பெற, எழுதியவர் படம் இடம்பெறாமற் போய்ப் பெரும் விவாதம் எழுந்ததும் நினைவிருக்கலாம்.

இளைஞர்களே! ஒரு பாட்டைக் கேட்டதும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இது யாரை உயர்த்த யாரைத் தாழ்த்துகின்றது? இதன் பொருள் எனக்கு விளங்கவில்லையா, அன்றிப் பொருளே இல்லையா? இதனை ஆக்கியவர் பெயர் எங்கே? இம்மூன்றும் தெரிந்தவனைப் பிறர் ஏளனம் ஒன்றும் செய்யாது.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்தோம். அவ்வெழுத்தைக் கொண்டு, நம் தெருக்களில் எஞ்சியுள்ள முதிய பாடகர்களின் பாட்டுகளை, பாடியவர் பெயருடனும், பாடிய இடமும் காலமும் குறித்தும், ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதி வைக்கும் பணியை இவ்விழாவோடு தொடங்குவோம். அவர்களுள் பலருக்கு வயதாகிவிட்டது. ஊரார் இறப்பையெல்லாம் பாடியவர் மறைந்தால், அவரோடு எத்தனையோ பேர் வாழ்க்கை வரலாறு மறைந்துபோகும்.

முதற்பக்கம் ஏற்கெனவே நம்மிடம் உள்ளது. அம்மாணவன் வெறுமையாகத் தந்த தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதனை அவனிடமே திருப்பித் தரப்போகிறேன். அவன் தன் பாட்டனார் அருகில் அமர்ந்து அதனை நிரப்பட்டும்.